உங்களுக்குத் தெரியுமா? – கேள்விக்குள் இருக்கும் கணக்கு

பேச்சில் குழப்பமே வரக் கூடாது என்று எண்ணி, தருக்கத்தை அடித்தளமாக வைத்து மொழிகளைச் செய்து பார்த்தவர்கள் உண்டு. இரண்டு இடங்களில் அவர்கள் நிறைய உழைக்க வேண்டியிருந்தது. ஒன்று, கேள்வியை எப்படி அமைப்பது. மற்றொன்று, ‘எல்லாரும்’, ‘யாரோ’, ‘அவர்’ என்ற சொற்களில் எது எதனுடன் கட்டுண்டது என்று காட்டுவது. பாண்டியர் அவையில் அரங்கேறியதாகச் சொல்லப்படும் தொல்காப்பியம் தொடங்கி இன்றைய மதுரைப் பேச்சுவரை, இந்த இரண்டுக்கும் தமிழிடம் ஆழமான விடைகள் இருக்கின்றன. அவற்றில் சில இங்கே.

● தருக்க மொழி என்ற கனவு பழையது. 1668இல் இங்கிலாந்தின் ஜான் வில்கின்ஸ் உலகப் பொருள்களையெல்லாம் வகைபிரித்து ஒரு மொழி வரைந்தார். ஆனால் தருக்கவியலின் இலக்கணத்தையே பேசும் மொழியாக்க முயன்றவர் ஜேம்ஸ் குக் பிரௌன். 1955இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ‘லோக்லான்’ என்ற மொழியை அவர் தொடங்கினார். 1960 ஜூனில் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழ் அவர் கட்டுரையை வெளியிட்டது. பேசும் மொழி மாறினால் சிந்தனையும் மாறுமா என்று சோதிப்பதே அவர் நோக்கம். பின்னர் அவருடன் கருத்து வேறுபட்டவர்கள் பிரிந்து, 1987இல் ‘லோஜ்பான்’ மொழியை உருவாக்கத் தொடங்கினார்கள். அதன் முழு இலக்கணத்தை ஜான் கவன் 1997இல் நூலாக எழுதினார்.

● லோஜ்பானில் ஆம் அல்லது இல்லை என்று விடை வரும் கேள்விக்கு ‘ஹு’ என்ற ஒரே சொல் போதும். வாக்கியத்தின் தொடக்கத்தில் வைத்தால் வாக்கியம் முழுவதும் கேள்வி. ஏதாவது ஒரு சொல்லுக்குப் பின்னால் வைத்தால், அந்தச் சொல் சரிதானா என்பது மட்டும் கேள்வி. திட்டமிட்டுச் செய்த நல்ல ஏற்பாடு இது. நம் ‘ஆ’ இதைத்தான் எப்போதும் செய்து வருகிறது. ‘நீ நேத்து மேலூருக்குப் போனியா?’, ‘நீயா நேத்து மேலூருக்குப் போன?’, ‘நேத்தா நீ மேலூருக்குப் போன?’, ‘மேலூருக்கா நீ நேத்துப் போன?’ என்று ஓர் எழுத்து இடம் மாற மாறக் கேட்பவருக்கு எது தெரியும், எது தெரியாது என்பதும் மாறுகிறது. கடைசிக் கேள்வியைக் கேட்பவருக்கு, நீங்கள் நேற்று எங்கோ போனது முன்பே தெரியும். ஊர் எது என்பதில்தான் அவருக்கு ஐயம்.

அதுபோல, விடை சொல்ல லோஜ்பானில் ‘கோஹி’ என்று ஒரு சொல் இருக்கிறது. கேட்டவர் சொன்ன செய்தியை அப்படியே திரும்பச் சொல்வதாக அதற்குப் பொருள். ‘வந்தியா?’ என்றால் ‘வந்தேன்’, ‘பார்த்தியா?’ என்றால் ‘பார்த்தேன்’ என்று வினைச்சொல்லையே திருப்பித் தந்து பழகிய நமக்கு இது புதிதல்ல.

● மதுரைக்காரர் பேச்சில் ‘அங்கிட்டு, இங்கிட்டு, எங்கிட்டு’ என்றும் ‘அம்புட்டு, இம்புட்டு, எம்புட்டு’ என்றும் வருவதைக் கவனித்திருப்பீர்கள். இதில் ஒளிந்திருக்கும் ஒழுங்கு மிக அழகானது. முதல் எழுத்து சுட்டா வினாவா என்பதைச் சொல்கிறது. மிச்சப் பகுதி இடமா, அளவா, ஆளா, பொழுதா, விதமா என்பதைச் சொல்கிறது. அவன், இவன், எவன். அது, இது, எது. அப்போது, இப்போது, எப்போது. அப்படி, இப்படி, எப்படி. 1887இல் வெளிவந்த எஸ்பெராந்தோ மொழிக்கு ஜமன்ஹோஃப் இப்படிப்பட்ட ஓர் அட்டவணையைச் செய்து வைத்தார். 45 சொற்கள் கொண்ட அந்த அட்டவணையை அம்மொழியின் சிறப்பாக இன்றும் சொல்கிறார்கள். சிம்மக்கல்லில் வழி கேட்கும் ஒருவர் அதே வகை அட்டவணையைப் படிக்காமலே பேசுகிறார்.

தொல்காப்பியம் அ, இ, உ மூன்றையும் சுட்டு என்கிறது. நடுவில் உள்ளதைச் சுட்டும் ‘உ’ தமிழகப் பேச்சில் மறைந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் ‘உவன்’, ‘உது’, ‘உங்கை’ என்று இன்றும் உயிரோடு இருக்கிறது.

● எந்த எழுத்துகள் வினா எழுத்துகள்? பள்ளியில் படித்ததுதான். நன்னூல் ஐந்தைச் சொல்கிறது. எ, யா இரண்டும் சொல்லின் முதலில் வரும். ஆ, ஓ இரண்டும் இறுதியில் வரும். ஏ இரண்டு இடத்திலும் வரும். முதலில் வருபவை ‘எந்த ஆள், எந்த இடம்’ என்று வெற்றிடத்தை நிரப்பக் கேட்பவை. இறுதியில் வருபவை, சொன்னது உண்மையா என்று கேட்பவை. லோஜ்பான் இந்த இரண்டு வகைக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. முதல் வகைக்கு ‘மா’, இரண்டாம் வகைக்கு ‘ஹு’. 13ஆம் நூற்றாண்டுப் பவணந்தி முனிவர் எழுத்தின் இடத்தை வைத்தே இரண்டையும் பிரித்துக் காட்டிவிட்டார்.

● ஓலைச்சுவடியில் குறில் எ, ஒ இரண்டுக்கும் புள்ளி வைக்க வேண்டும் என்பது பழைய விதி. ஏடு எழுதியவர்கள் பல நேரம் புள்ளியை விட்டுவிட்டார்கள். அதனால் எ எது, ஏ எது என்பதைப் படிப்பவரே ஊகிக்க வேண்டியிருந்தது. இன்று நாம் எழுதும் ஏ, ஓ வடிவங்களைப் பரவலாக்கிய பெருமை மதுரை மிஷனைச் சேர்ந்த வீரமாமுனிவருக்கு உரியது என்பார்கள்.

● இந்தப் பத்தியில் நான் அதிகம் நின்று சொல்ல விரும்புவது இதைத்தான். பள்ளிக் கணக்கில் ‘மாறி’ என்று படித்திருப்போம். எக்ஸ் என்பது எந்த எண்ணாகவும் இருக்கலாம். தருக்கவியலிலும் மாறி உண்டு. ஆனால் அது தனியாக நின்றால் பொருள் முடிவதில்லை. ‘எக்ஸ் வந்தார்’ என்றால் உண்மையா பொய்யா என்று சொல்ல முடியாது. ‘எல்லா எக்ஸுக்கும்’ என்றோ ‘ஏதாவது ஓர் எக்ஸுக்கு’ என்றோ முன்னால் ஒன்று வந்து அதைக் கட்டினால்தான் வாக்கியம் நிறைவடையும். ஜெர்மனியின் ஃப்ரேகே 1879இல் இந்தக் கட்டுதலுக்கு முதன்முறையாகத் தெளிவான குறியீடு தந்தார். இத்தாலியின் பியானோ 1897இல் ‘உண்டு’ என்பதற்குத் திருப்பிப் போட்ட ஈ எழுத்தைக் கொண்டுவந்தார். 1935இல் கென்ட்சன் ‘எல்லாம்’ என்பதற்குத் தலைகீழாகக் கவிழ்த்த ஏ எழுத்தைக் கொண்டுவந்தார்.

இனி ‘யார்’ என்ற சொல்லைப் பாருங்கள். தனியாக நின்றால் அது கேள்வி, விடைக்குக் காத்திருக்கும் ஒரு வெற்றிடம். அதோடு ‘உம்’ சேர்ந்தால் யாரும். ‘ஓ’ சேர்ந்தால் யாரோ. ‘ஆவது’ சேர்ந்தால் யாராவது. எங்கும், எங்கோ, எங்காவது என்று எல்லா வினாச்சொல்லும் இப்படியே நடக்கின்றன. வினாச்சொல்தான் மாறி. பின்னால் ஒட்டும் எழுத்துதான் அதைக் கட்டும் கயிறு.

அதற்கு மேலும் ஒரு வியப்பு உண்டு. ‘உம்’ வேறெங்கே வருகிறது? ‘மீனாட்சியும் சொக்கரும்’ என்று இரண்டையும் சேர்க்கும் இடத்தில். ‘ஓ’ வேறெங்கே வருகிறது? ‘இன்றோ நாளையோ’ என்று இரண்டில் ஒன்றைச் சொல்லும் இடத்தில். தருக்கவியலும் இதையேதான் சொல்கிறது. ‘எல்லாரும் வந்தார்கள்’ என்பது ‘இவரும் வந்தார், அவரும் வந்தார், இன்னொருவரும் வந்தார்’ என்ற முடிவில்லாத ‘உம்’. ‘யாரோ வந்தார்’ என்பது ‘இவரோ, அவரோ, இன்னொருவரோ’ என்ற முடிவில்லாத ‘ஓ’. அமெரிக்கத் தருக்கவியலாளர் பெர்ஸ் 1885இல் இந்த உறவைக் காட்டவே, கணிதத்தில் பெருக்கலுக்கும் கூட்டலுக்கும் வழங்கிய கிரேக்க எழுத்துகளை எடுத்து இவ்விரண்டுக்கும் குறியீடாக வைத்தார். ஹைதராபாத்தில் பணியாற்றிய மொழியியலாளர் கே. ஏ. ஜெயசீலன் 2001இல் மலையாளத்தை வைத்து எழுதிய கட்டுரையில், வினாச்சொல்லை உம்மையும் ஓகாரமும் கட்டுவதை விரிவாக ஆராய்ந்தார். மலையாளத்துக்கு அவர் காட்டிய அமைப்பு தமிழிலும் அப்படியே தெரிகிறது.

● ‘யாரோ’ வேறு, ‘யாராவது’ வேறு. ‘வாசல்ல யாரோ நிக்கிறாங்க’ என்றால் ஆள் ஒருவர் உண்மையில் நிற்கிறார், அவர் பெயர்தான் தெரியவில்லை. ‘யாராவது வாங்க’ என்றால் இன்னார் என்று யாரும் இல்லை, வருபவர் எவராகவும் இருக்கலாம். தருக்கவியல் இரண்டுக்கும் ஒரே திரும்பிய ஈயைத்தான் தருகிறது. இந்த இடத்தில் தமிழ் கூடுதலாக ஒரு வேறுபாட்டைக் காக்கிறது.

● ‘பத்தையும் கொடுக்காதே’ என்று ஒருவர் சொன்னால் ஒன்றுகூடக் கொடுக்கக் கூடாதா, அல்லது பத்தில் சிலவற்றை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கலாமா? ‘எல்லாரும் வரல’ என்றால் ஒருவருமே வரவில்லையா, அல்லது சிலர் வந்தார்களா? ‘இல்லை’ என்பது ‘எல்லாம்’ என்பதற்கு வெளியே நிற்கிறதா, உள்ளே நிற்கிறதா என்பதுதான் சிக்கல். தருக்கவியல் மாணவர்கள் முதல் மாதத்திலேயே சந்திக்கும் சிக்கல் இது. தொல்காப்பியத்தின் இடையியல் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் அடக்கும் முற்றும்மை, சில இடங்களில் மிச்சம் உண்டு என்று காட்டும் எச்சவும்மையாகவும் ஆகும் என்கிறது அது. உரைகாரர்கள் அதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு இந்தப் பத்து எண்தான். சிலவற்றைக் கொடு என்ற பொருள் அதில் எஞ்சி நிற்கிறது என்று விளக்குகிறார்கள். நன்னூலும் இதே விதியைத் திரும்பச் சொல்கிறது.

லோஜ்பான் இங்கே வேறு வழியில் போகிறது. இல்லை என்ற சொல் முன்னால் வந்தால் ஒரு பொருள், பின்னால் வந்தால் வேறு பொருள். ஒரே வாக்கியத்தில் இரு பொருளுக்கு இடமில்லை. குழப்பத்தை ஒழிப்பதில் அது வென்றது. தமிழில் கேட்பவரே சூழலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் இரு பொருள் வரும் என்று தெரிந்து, அதை விதியாகவே எழுதி வைத்த கூர்மை பெரிது.

● பவளத் தந்தம் உடைய நீல யானை சாதவாகனன் அரண்மனையில் இருக்கிறதா? இப்படி ஒரு யானை எங்குமே இல்லை. சரி, ‘அரண்மனையில் இல்லை’ என்று மட்டும் சொன்னால் என்ன ஆகும்? வேறெங்கோ இருக்கிறது என்று கேட்பவர் எண்ண இடம் வந்துவிடும். எனவே ‘அரண்மனையிலும் இல்லை’ என்று உம் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறது இலக்கணம். உலகத்தில் இல்லாத பொருளைப் பற்றிப் பேசும்போதும் உம்மை வேண்டும் என்பது தொல்காப்பியத்தின் கிளவியாக்கத்தில் வரும் விதி. நீல யானை அதற்கு உரைகாரர்கள் தரும் எடுத்துக்காட்டு.

1905இல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் ஒரு கட்டுரையில், மன்னரே இல்லாத பிரான்ஸை எடுத்துக்கொண்டு ‘பிரான்ஸின் இப்போதைய மன்னர் வழுக்கைத் தலையர்’ என்ற வாக்கியம் உண்மையா பொய்யா என்று கேட்டார். இல்லாத ஒன்றைப் பற்றிப் பேசினால் வாக்கியத்தின் பொருள் என்ன ஆகும் என்ற கேள்வியால் அந்தக் கட்டுரை பெரும் பெயர் பெற்றது. நீல யானையையும் அந்த மன்னரையும் ஒரே வகுப்பில் வைத்துப் பாடம் நடத்தினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

● ‘எங்கே புகை உண்டோ அங்கே நெருப்பு உண்டு.’ இந்திய அளவை நூல்கள் பலவற்றுக்கும் உயிர்நாடியான வாக்கியம் இது. இதில் ‘எங்கே’ மாறி. ‘ஓ’ அதைக் கட்டுகிறது. ‘அங்கே’ அதே மாறியை மறுபடி எடுத்துத் தருகிறது. மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் இயற்றிய மணிமேகலையின் 29ஆம் காதை பெரும்பாலும் அளவை இலக்கணமாக விரிகிறது. மலையில் நெருப்பு உண்டு, ஏனென்றால் புகை இருக்கிறது, அடுக்களையைப் போல, என்ற அனுமானமும் அங்கே வருகிறது. காப்பியத்துக்குள் தருக்கப் பாடத்தையே வைத்துவிட்ட துணிவு அது.

● ஒரே வாக்கியத்தில் இரண்டு மாறிகள் வந்தால்? ‘எவர் எதை விதைக்கிறாரோ, அவர் அதையே அறுப்பார்.’ எவருக்கு அவர், எதுக்கு அது. பொருத்தம் பார்த்துச் சேர்க்க ஒரு சிரமமும் இல்லை. இதே அமைப்பு ஆங்கிலத்தில் பெரும் தலைவலியானது. 1962இல் பீட்டர் கீச், கழுதை வைத்திருக்கும் ஒவ்வொரு விவசாயியும் அதை அடிக்கிறார் என்ற வகை வாக்கியத்தை எடுத்து, ‘அதை’ என்பது எந்தக் கழுதையோடு கட்டுண்டது என்று கேட்டார். அதன்பின் இந்தக் கழுதை வாக்கியம் பற்றி ஒரு பெரும் ஆராய்ச்சித் துறையே வளர்ந்தது. தமிழில் ‘எவர் எந்தக் கழுதையை வைத்திருக்கிறாரோ அவர் அந்தக் கழுதையை’ என்று தொடங்கினால் கட்டுகள் வெளியே தெரிந்துவிடுகின்றன.

எல்லை இல்லாமல் இல்லை. இருவரும் ஆண்களாக இருந்து, ‘எவன் எவனை ஏமாற்றுகிறானோ அவன் அவனை’ என்று போனால் நாம் சிக்கிக்கொள்வோம். வேற்றுமை உருபு ஓரளவு உதவும், அவ்வளவுதான். லோஜ்பானுக்கு ‘டா, டே, டி’ என்று மூன்று மாறிகள் உண்டு. நான்காவது வேண்டுமென்றால் எண் சேர்த்துக்கொள்ளலாம், எத்தனை வேண்டுமானாலும் கூட்டலாம். இந்த இடத்தில் செய்த மொழிக்கே வெற்றி.

● ‘எல்லாரும் அவர் வீட்டுக்குப் போனாங்க’, ‘எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போனாங்க.’ முதல் வாக்கியத்தில் வீடு ஒன்று. இரண்டாவதில் ஆளுக்கு ஒரு வீடு. ‘அவர்’ இரண்டு முறை வந்ததும் அது தனி ஆளைச் சுட்டுவதை நிறுத்தி, ‘எல்லாரும்’ என்பதோடு கட்டுண்ட மாறியாகிவிடுகிறது. கட்டுண்ட மாறிக்கென்றே தனி வடிவம் வைத்திருக்கும் மொழி நம்முடையது.

● ‘வீட்டுக்கு வீடு வாசப்படி.’ எல்லா வீட்டுக்கும் ஒரு வாசற்படி உண்டு, ஆனால் எல்லா வீட்டுக்கும் அதே படி அல்ல. ‘எல்லாம்’ முதலில், ‘ஒன்று’ அதற்கு உள்ளே. இந்த வரிசையைத் தப்பாகப் போட்டால் உலகத்துக்கே ஒரே வாசற்படி என்றாகிவிடும். தருக்கவியலில் பலர் தடுமாறும் இடம் இது. நாம் ‘தெருவுக்குத் தெரு ஜிகர்தண்டாக் கடை’, ‘ஆளுக்கொரு புத்தகம்’, ‘எல்லாருக்கும் ஒரே புத்தகம்’ என்று வெவ்வேறு சொற்கட்டால் பிரித்துவிடுகிறோம்.

● ‘காபியா, டீயா?’ என்று கேட்டால் ‘ஆமா’ என்று யாரும் பதில் சொல்வதில்லை. ‘காபியோ டீயோ ஏதாவது சாப்பிடுறீங்களா?’ என்று கேட்டால் ‘ஆமா’ சரியான விடை. ஆ இரண்டு முறை வந்தால் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வி. ஓ இரண்டு முறை வந்து ஆ இறுதியில் ஒருமுறை வந்தால் உண்டா இல்லையா என்ற கேள்வி. ஆங்கிலத்தில் ஒரே ‘ஆர்’ இரண்டையும் சுமக்கிறது, குரலின் ஏற்ற இறக்கம்தான் வேறுபாடு காட்டும். லோஜ்பான் தேர்ந்தெடுக்கும் கேள்விக்கு ‘ஜி’ என்ற சொல்லை வைத்தது. அதற்கு விடையாக ‘இரண்டும்’, ‘முதலாவது மட்டும்’, ‘இரண்டும் வேண்டாம்’ என்று பொருள்படும் இணைப்புச் சொல்லையே தரலாம்.

● ராமர் தசரதனுக்கு எத்தனையாவது மகன்? இந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் கேட்கச் சொல்லி மாணவர்களை மடக்காத ஆசிரியர் நம் ஊரில் குறைவு. லோஜ்பானில் இது முடியும். எண் கேட்கும் சொல்லோடு வரிசை காட்டும் ஒட்டைச் சேர்த்து ‘ஹோமொய்’ என்பார்கள். ‘எத்தனை’யோடு ‘ஆவது’ சேர்வதும் அதே முறைதான்.

● ‘யார் வந்தாங்க?’ வேறு, ‘யார் யார் வந்தாங்க?’ வேறு. இரண்டாவதைக் கேட்பவருக்கு வந்தவர்கள் பலர் என்பது தெரியும், பட்டியல் முழுவதும் வேண்டும் என்கிறார். என்னென்ன, எங்கெங்கே, எப்பப்ப எல்லாம் இப்படியே.

● எதுவுமே தெரியாதபோது கேட்கும் கேள்வியும், இவற்றுக்குள் ஒன்று என்று தெரிந்த பின் கேட்கும் கேள்வியும் ஒன்றா? தொல்காப்பியம் இதைப் பிரிக்கிறது. யாது, எவன் என்ற இரண்டும் அறியாத பொருளைப் பற்றிக் கேட்பவை. (அந்நாளில் ‘எவன்’ என்றால் ‘என்ன’ என்று பொருள்.) ஆனால் ‘யாது’ மட்டும், முன்பே தெரிந்த பொருள்களுக்குள் ஐயம் தீர்த்துக்கொள்ளவும் வரும். என் ஐந்து எருதுகளில் காணாமல் போனது யாது என்பது போன்ற கேள்வியை உரையாசிரியர்கள் இங்கே காட்டுகிறார்கள். ஐந்து எருதும் கேட்பவருடையவை, அவருக்குத் தெரிந்தவை. விடை அந்த ஐந்துக்கு வெளியே போக முடியாது.

மதுரையின் புகழ்பெற்ற பழங்கதை ஒன்றும் இத்தகைய கேள்விதான். ஆலவாய் இறைவன் 60 நூற்பாக்களில் அகப்பொருள் இலக்கணம் செய்து தந்தார், சங்கப் புலவர் 49 பேரும் ஆளுக்கொரு உரை எழுதினார்கள், இவற்றுள் மெய்யுரை யாது என்ற கேள்வி எழுந்தது என்கிறது இறையனார் களவியல் உரை. விடை சொன்னவர் பேசாத சிறுவன் உருத்திரசன்மன். நக்கீரர் உரை கேட்டதும் அவன் கண்ணில் நீர் பெருகியது, மெய் சிலிர்த்தது. அதுவே விடை.

● வாய் பேசாமலும் விடை தரலாம் என்றால், விடை எத்தனை வகை? நன்னூல் எட்டு என்கிறது. ‘இதைச் செய்வாயா?’ என்று கேட்டால் ‘செய்வேன்’ என்பது நேர் விடை, ‘மாட்டேன்’ என்பது மறை விடை. வழி கேட்டவருக்கு ‘இது’ என்று காட்டுவது சுட்டு விடை. இந்த மூன்றும் நேரடியானவை. மற்ற ஐந்தும் விடையை உள்ளே வைத்திருப்பவை. ‘நீயே செய்’ என்பது ஏவல். ‘செய்யாமல் இருப்பேனா?’ என்பது கேள்வியையே விடையாகத் தருவது. ‘கை வலிக்குது’ என்று நடந்ததைச் சொல்வது ஒன்று, ‘கை வலிக்கும்’ என்று நடக்கப்போவதைச் சொல்வது ஒன்று. ‘வேறொன்று செய்கிறேன்’ என்பது இனமொழி.

கேள்வி ஆறு வகை. பாடம் சொன்ன ஆசிரியர் மாணவரைக் கேட்பது அறிவினா, மாணவர் ஆசிரியரைக் கேட்பது அறியாவினா. கயிறா பாம்பா என்பது ஐயவினா. விளக்குத்தூண் பக்கத்துக் கடையில் நுழைந்து ‘சுங்குடிச் சேலை இருக்கா?’ என்று கேட்பது கொளல்வினா, வாங்கும் எண்ணம் அதில் இருக்கிறது. ‘குடை இல்லையா?’ என்று கேட்டுத் தன் குடையை நீட்டுவது கொடைவினா. ‘படிச்சியா?’ என்று அம்மா கேட்பது ஏவல்வினா. சொற்கட்டு ஒன்றே, நோக்கம் ஆறு. வேண்டுகோள் என்று காட்ட லோஜ்பான் ‘எஹோ’ என்ற தனிச் சொல்லை வைத்துக்கொண்டது.

கேள்வியின் பொருள் என்பது அதற்கு விடையாக வரக்கூடியவற்றின் கணம் என்று ஆஸ்திரேலியத் தருக்கவியலாளர் சார்ல்ஸ் ஹாம்ப்லின் 1973இல் எழுதினார். கேள்விகளைப் பற்றிய இன்றைய பொருண்மையியலில் பெரும்பகுதி அங்கிருந்துதான் கிளைத்தது. அவருடைய கணத்தில் நன்னூலின் நேரடி விடைகள் அடங்கும். ‘கை வலிக்குது’ அடங்காது. என் கணிப்பில், இந்த ஐந்து மறைமுக விடைகளையும் விடை என்றே ஏற்றுக்கொண்ட பவணந்தியார், மனிதர்கள் உண்மையில் பேசும் முறைக்கு இன்னும் நெருக்கமாக இருக்கிறார்.

● தூரத்தில் தெரிவது ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் எந்தப் பாலில் சொல்வது? பலர்பாலில் சொல் என்கிறது கிளவியாக்கம். ‘ஆணோ பெண்ணோ, அங்கே தெரிபவர்’ என்று. பால் தெரியாத மாறிக்கு எந்த வடிவம் தருவது என்ற கேள்விக்கு நேரான விடை அது. ‘யார்’ என்ற வினாச்சொல்லும் ஆண், பெண், பலர் மூவருக்கும் பொதுவானது.

● வெட்டிய ஆள், வெட்டிய கத்தி, வெட்டிய மரம், வெட்டிய இடம், வெட்டிய நாள், வெட்டிய வெட்டு. ‘வெட்டிய’ என்ற பெயரெச்சம் மாறவே இல்லை, அதற்குள் இருக்கும் வெற்றிடம்தான் ஒவ்வொரு முறையும் வேறு. இந்த ஆறையும் தொல்காப்பியம் பட்டியலிட்டுத் தருகிறது. லோஜ்பானில் ‘க்ளாமா’ என்ற வினைக்கு ஐந்து இடங்கள் உண்டு: போகிறவர், சேரும் ஊர், புறப்பட்ட ஊர், வழி, வண்டி. எந்த இடம் வெற்றிடம் என்று காட்ட ‘கெஹ’ என்ற சொல்லை நிரப்பி வைப்பார்கள். நாம் நிரப்புவதில்லை. ‘மாட்டுத்தாவணிக்குப் போன பஸ்’ என்றாலும் ‘மாட்டுத்தாவணிக்குப் போன பாதை’ என்றாலும் கேட்பவருக்கு உடனே விளங்கிவிடுகிறது.

● இனி, இந்தப் பகுதியின் தலைப்பில் உள்ள சொல்லைப் பற்றி. ‘யார் வந்தாங்கன்னு உனக்குத் தெரியுமா?’ என்பதற்குத் ‘தெரியும்’ என்று சொன்னால் விடை முடிந்தது. ‘யார் வந்தாங்கன்னு நீ நினைக்கிற?’ என்பதற்கு ஒருவர் பெயரைச் சொன்னால்தான் விடை. உள்ளே இருக்கும் ‘யார் வந்தாங்கன்னு’ இரண்டிலும் ஒன்றே. முதல் வாக்கியத்தில் ‘யார்’ உள்ளேயே அடங்கிவிடுகிறது, ‘தெரியுமா’வின் ஆ மட்டும் கேட்கிறது. இரண்டாவதில் ஆ இல்லை, எனவே ‘யார்’ உள்ளிருந்தே வாக்கியம் முழுவதையும் கேள்வியாக்குகிறது. ‘யார் வந்தாங்கன்னு எனக்குத் தெரியும்’ என்றாலோ கேள்வியே இல்லை. லோஜ்பானில் உள்ளே ‘மா’ வந்தால் முழு வாக்கியமும் கேள்வியாகிவிடும். எனவே உள்ளடங்கிய வினாவுக்கென்று ‘கௌ’ என்ற அடையாளச் சொல்லைச் சேர்க்க வேண்டியதாயிற்று. நமக்கு அது தேவைப்படவில்லை. தெரி, நினை என்ற வினைச்சொற்களின் இயல்பும் ஆ நிற்கும் இடமும் சேர்ந்து வேலையை முடிக்கின்றன. எந்தெந்த வினைச்சொல் கேள்வியை உள்ளே அடைத்து வைக்கும், எது வெளியே விடும் என்ற முழுப் பட்டியலைப் பேச்சுத் தமிழிலிருந்து தொகுப்பது ஒரு நல்ல ஆய்வேட்டுக்கான பொருள். மொழியியல் படிக்கும் மதுரை மாணவர் யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

● லோஜ்பானின் 1,300க்கும் மேற்பட்ட வேர்ச்சொற்கள் சீனம், ஆங்கிலம், இந்தி, ஸ்பானியம், ரஷ்யன், அரபு என்ற ஆறு மொழிகளிலிருந்து கலந்து எடுக்கப்பட்டவை. பேசுவோர் தொகையை வைத்து அந்த ஆறும் தேர்வாயின. தமிழ் அதில் இல்லை. சொற்களைத் தராவிட்டாலும் பரவாயில்லை. வினாவையும் உம்மையையும் பற்றி நம் இலக்கணிகள் எழுதியவை, இனி மொழி செய்யப்போகிறவர்கள் கையில் போய்ச் சேர வேண்டும். அதற்கு முதலில் நாம் படிக்க வேண்டும். தேர்வுக்காக அல்லாமல், தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் கிளவியாக்கத்தையும் இடையியலையும் சேனாவரையர் உரையோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். நூலகத்தில் கேட்டால் கிடைக்கும்.